முன்பணத்துக்காகப் படகில் ஏறாதீர்கள்

கார்த்திகை மாதம். எழுமலையிலிருந்து விடியக்காலை 3 மணிக்கு வேன் பிடித்து ஆறு பேர் பாம்பனுக்குக் கிளம்பினோம். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனி, ஒருவன் கோவையில் லேத், ஒருவன் துபாயிலிருந்து லீவில் வந்தவன். ஆறு பேருக்கும் சேர்ந்தாற்போல லீவு வாய்ப்பது எப்போதாவதுதான். அதனால் உசிலம்பட்டியில் தூறல் விழுந்தபோதும், ராமநாதபுரத்தில் டீ குடிக்க இறங்கி நனைந்தபோதும், திரும்பிவிடலாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

குருசடைத் தீவைச் சுற்றிக் காட்டுவதாகச் சொன்ன ஏஜென்ட் ஒருவருக்கு ஒரு வாரம் முன்பே 3,000 ரூபாய் போனில் அனுப்பியிருந்தோம். கரையில் போய் நின்றால் அவர் சொன்னார்: "வனத்துறை போட்டு இன்னைக்கு ஓடாதுண்ணே, காத்து சரியில்லைன்னுட்டாங்க. நம்ம பையன் வத்தை இருக்கு, அந்தப் பக்கமா கொண்டுபோய் விட்ருவான்."

மீன் பிடிக்கிற படகு. பலகையில் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. எங்களோடு சேர்த்து 14 பேர் நின்றோம். லைஃப் ஜாக்கெட் ஒன்பதுதான். என் கைக்கு வந்ததில் மூன்று கிளிப்பில் இரண்டு உடைந்துபோய், அந்த இடத்தில் நைலான் கயிறு முடிச்சுப் போட்டிருந்தது. ஓரத் தையல் பிரிந்து, உள்ளே இருந்த ஃபோம் விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. போட்டுக்கொண்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொன்னேன். ஜாக்கெட் காதுவரை ஏறி வந்தது, நான் நின்ற இடத்திலேயே நின்றேன். தண்ணீரிலும் அதுதான் நடக்கும்: ஜாக்கெட் மிதக்கும், ஆள் கீழே போவான்.

திருப்பூர்க்காரன் "நான் வரலடா" என்றான். "மூவாயிரம் ரூவா போயிருமேடா மாப்ள" என்று உடனே சொன்னது நான்தான்.

அந்த நேரத்தில் கண்ணில் பட்டது ஒன்று. கரை நெடுக நாட்டுப்படகுகள் நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டிருந்தன. கடலே பிழைப்பாக இருப்பவர்கள் ஒருவர்கூட இறங்கவில்லை. நாங்கள் ஏறவில்லை. அன்று வாயில் வந்த அந்த வார்த்தை மட்டும் இன்னும் உறுத்துகிறது. காசு போய்விடும் என்ற பயம் எத்தனை பேரைப் படகில் ஏற்றியிருக்கும்! அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

நமக்குப் பக்கத்தில் நடந்ததிலிருந்தே பார்க்கலாம். எழுமலைக்காரர்களுக்குத் தேக்கடி வீட்டுக் கொல்லை மாதிரி. தேனி, கம்பம் தாண்டினால் வந்துவிடும். 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே பெரியாறு ஏரியில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள் என்றுதான் முதலில் பேச்சு. படகின் கட்டமைப்பிலேயே குறை இருந்ததும், லைஃப் ஜாக்கெட் போடாமல் பயணிகள் உட்கார்ந்திருந்ததும் பிறகு வெளியே வந்தன. அரசுப் படகு என்பதால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிடக் கூடாது என்று அந்த ஏரி சொல்கிறது.

2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உறவும் நட்புமாகக் கிளம்பிய கூட்டம் ஒரே மீன்பிடிப் படகில் ஏறியது; இருபதுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. 2017 பிப்ரவரி 26 அன்று தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டிலும் மீன்பிடிப் படகுதான், அளவுக்கு மீறிய ஆட்கள்தான். குறைந்தது 9 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்த படகு, மீன்பிடிப் படகைச் சுற்றுலாவுக்காக மாற்றியமைத்தது. 22 பேர் ஏற வேண்டியதில் 37 பேர் இருந்தார்கள், பொழுதும் சாய்ந்திருந்தது. இறந்த 22 பேரில் பாதிக்கு மேல் குழந்தைகள். 2024 டிசம்பர் 18 அன்று மும்பையிலிருந்து எலிஃபன்டா தீவுக்குப் போன படகில் கடற்படையின் வேகப்படகு மோதி 15 பேர் போனார்கள். பயணிகள் படகு தன் வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. நம் மேல் தப்பே இல்லாவிட்டாலும் ஜாக்கெட் உடம்பில் இருந்தாக வேண்டும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு, நீச்சல் தெரியும் என்ற தைரியம். எழுமலை மேற்குத் தொடர்ச்சி மலையடி ஊர். கிணற்றிலும் கண்மாயிலும் நீச்சல் படித்தவர்கள் நாங்கள். கிணற்றில் நாலு வீச்சு போட்டால் கல் கைக்குக் கிடைக்கும். தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடல் அப்படி இல்லை. பாம்பன் கால்வாயில் நீரோட்டம் திசை மாறி மாறி ஓடும். வாடைக்காற்று ஏறிவிட்டால் அலை முகத்தில் அடித்து மூச்சு விட விடாது. நனைந்த ஜீன்ஸ் காலைக் கட்டிப்போடும். கிணற்றில் பத்துக் குட்டிக்கரணம் போட்டவன் கடலில் பத்து நிமிடம் தாங்குவதே பெரிது.

எங்கள் அப்பாமார் எங்களைக் கிணற்றில் இறக்கியது இடுப்பில் சுரைப்புருடையைக் கட்டித்தான். அதை யாரும் வெட்கமாக நினைத்ததில்லை. இன்று செல்ஃபிக்கு நன்றாக இல்லை என்று ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல வேண்டும்.

கூட வந்தவன் தண்ணீரில் விழுந்தால் நட்பு உடனே குதிக்கச் சொல்லும். குதிக்காதீர்கள். மூழ்குகிறவன் பிடித்த பிடியை விடமாட்டான், காப்பாற்றப் போனவனையும் சேர்த்து இழுப்பான். ஒருவனுக்காக இறங்கி இரண்டு மூன்று பேர் போன செய்தியை வருடா வருடம் படிக்கிறோம். மூடி இறுக்கிய காலி தண்ணீர் கேன், கயிறு, துடுப்பு, ஓட்டுநர் வைத்திருக்கும் மிதவை என எது கிடைத்தாலும் எறியுங்கள். வெளியே எடுத்தபின் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நடுநெஞ்சை இரண்டு கையாலும் வேகமாக, ஆழமாக அழுத்திக்கொண்டே இருங்கள். 108 வரும்வரை நிறுத்தாதீர்கள்.

மழை நாளில் கடல் எப்படி இருக்கும் என்று நமக்கு யார் சொல்வார்கள்? ராமேஸ்வரம் பக்கம் ஒரு சுலபமான வழி இருக்கிறது. அங்கே விசைப்படகுகள் கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் கொடுக்க வேண்டும். காற்று எச்சரிக்கை வந்தால் டோக்கன் நின்றுவிடும். கரையில் யாரையாவது பார்த்து, "அண்ணே, இன்னைக்கு டோக்கன் குடுத்தாங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். எண் சின்னதாக இருக்கிறதே என்று பேசுவது ஆபத்து. கூண்டு ஏறிய நாள் சுற்றுலாவுக்கான நாள் இல்லை.

வானிலைத் துறையின் நிறங்களை எல்லோரும் டிவியில் பார்க்கிறோம். ஆரஞ்சு என்றால் பொதுவாக ஒரு நாளில் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரையிலான மிகக் கனமழை, சிவப்பு அதற்கும் மேல். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் கொட்டியது. காலையில் தூறலாகத் தொடங்கும் மழை எங்கே போய் நிற்கும் என்பதற்கு அந்த ஊரே கணக்கு வைத்திருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், தனுஷ்கோடிக்கு வந்த பயணிகள் ரயிலை அலை அப்படியே வாரிக்கொண்டு போனது. அதில் வந்தவர்கள் உயிர் பிழைக்கவில்லை. அந்தக் காலத்தில் எச்சரிக்கை சொல்ல இத்தனை வசதி கிடையாது. இன்று போனிலேயே வருகிறது.

மின்னலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மின்னல் வெட்டி 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, திறந்த படகிலோ ஒற்றை மரத்தடியிலோ இருக்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி பக்கத்தில் விழும் மின்னலைக் காட்டும்.

இனித் தீவு. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் வரிசையாக 21 தீவுகள். இரண்டு ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன. இவை 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. ஆக, அனுமதி இல்லாமல் எந்தத் தீவில் கால் வைத்தாலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறை குந்துகால் கரையிலிருந்து குருசடைத் தீவுக்குச் சூழல் சுற்றுலாவாகப் படகு விடுகிறது. 1897 ஜனவரியில் இலங்கையிலிருந்து வந்த விவேகானந்தர் கரையேறிய அதே குந்துகால்தான். அந்தப் படகு நின்றுபோன நாளில் "அந்தப் பக்கமா கொண்டுபோறேன்" என்று எவர் கூப்பிட்டாலும் இரண்டு ஆபத்து ஒன்றாக வருகிறது: கடல் ஒரு பக்கம், வழக்கு ஒரு பக்கம். படகுக்காரர் வழி தெரிந்து போய்விடுவார், பிடிபடுவது ஊருக்குப் புதிதாக வந்த நாம்தான்.

பவளப் பாறைத் துண்டு ஒன்றை ஞாபகத்துக்கு என்று எடுத்துப் பையில் போடுகிறவர்கள் உண்டு. பவளமும் கடல் அட்டையும் புலி, யானைக்கு இருக்கிற அதே முதல் அட்டவணையில் வருபவை. 2022-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இதற்குக் குறைந்தது 3 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். கரையில் செத்து ஒதுங்கிக் கிடந்தது என்று சொன்னாலும் எடுபடாது. படம் எடுத்துக்கொண்டு கீழே வைத்துவிடுங்கள்.

படகில் ஏறுமுன் கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். எத்தனை பேருக்கு அனுமதி? பெரும்பாலும் படகின் பக்கவாட்டிலோ உள்ளேயோ எழுதியிருக்கும். பயணிகளை ஏற்ற உரிமம் இருக்கிறதா? மீன்பிடிப்புக்குப் பதிவு செய்த படகு பயணிகள் படகாகாது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கையை விரிக்கும் இடம் அதுதான். ஏரி, ஆறு, உப்பங்கழிகளில் ஓடும் இயந்திரப் படகுகளுக்கு 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு, தகுதி ஆய்வுச் சான்று, காப்பீடு எல்லாம் இருக்க வேண்டும். தேக்கடிக்கும் ஆலப்புழைக்கும் போகிறவர்கள் இதைக் கேட்கலாம். ஆளுக்கு ஒரு ஜாக்கெட், குழந்தைக்கு அதன் அளவில் தனி ஜாக்கெட். நான் செய்ததுபோல தோளைத் தூக்கிப் பார்ப்பது பத்து விநாடி வேலை.

பதில் சொல்லாமல் "ஏறுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றால், அது வெறும் அலட்சியம் என்று விட்டுவிட வேண்டியதில்லை. பாதுகாப்பில்லாத, அல்லது அளவுக்கு மீறி ஆளேற்றிய படகில் காசுக்குப் பயணிகளைக் கொண்டுபோவது பாரதிய நியாய சன்ஹிதா 284-ஆம் பிரிவில் குற்றம். 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். படகு கவிழ வேண்டும், யாராவது சாக வேண்டும் என்று சட்டம் காத்திருக்கவில்லை. கரையில் நின்றபடியே கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்குச் சொல்லலாம். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554, எங்கிருந்தாலும் 112.

இப்போது அந்த 3,000 ரூபாய்க்கு வருகிறேன்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு சொன்ன சேவையைத் தராததும், பாதுகாப்புக் குறைவாகத் தருவதும் சேவைக் குறைபாடு. அவர்களே வானிலையைச் சொல்லிப் பயணத்தை நிறுத்தினால், நடக்காத பயணத்துக்கு நீங்கள் கொடுத்த காசை வைத்துக்கொள்ள அவர்களுக்கு நியாயம் இல்லை. ஜாக்கெட் இல்லை, ஆள் அதிகம், உரிமம் இல்லை என்று நீங்கள் ஏற மறுத்தாலும் பணத்தைக் கேட்கலாம். பில் கொடுக்காமல் இருப்பதும், குறைபாடான சேவையை நிறுத்திவிட்டுப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அதே சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற வரையறைக்குள் வருகின்றன. திருப்பித் தரும் கெடு பில்லில் இல்லாவிட்டால் 30 நாள். "முன்பணம் திருப்பித் தரப்படாது" என்று போர்டு மாட்டிவிட்டால் இதெல்லாம் போய்விடாது. எல்லாம் சரியாக இருந்தும் நீங்களாக மனம் மாறித் திரும்பினால் மட்டும் விஷயம் வேறு. அப்போது முதலில் ஒப்புக்கொண்ட நிபந்தனையைப் பார்ப்பார்கள்.

பலர் இதை விட்டுவிடுவதற்குக் காரணம் தூரம். ராமநாதபுரத்துக்கு யார் அலைவது என்பார்கள். அலைய வேண்டாம். புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ மனு போடலாம் என்று 2019 சட்டம் மாற்றிவிட்டது. எழுமலைக்காரர் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம், திருப்பூரில் வேலை செய்பவன் திருப்பூரில் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கும் முன்னால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே சொல்லிப் பதிவு செய்யுங்கள். சின்னத் தொகைகள் பல நேரம் அங்கேயே முடிந்துவிடும்.

இதற்கெல்லாம் உயிர் சாட்சியத்தில் இருக்கிறது. போனில் பேசி முடித்ததை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள்: "ஆறு பேர், இந்தத் தேதி, வனத்துறை அனுமதியுள்ள படகு, 3,000 ரூபாய் அனுப்பியிருக்கிறேன்." அவர் பதிலுக்கு ஒரு கட்டைவிரலைப் போட்டாலும் அது உங்களுக்கு ஆதாரம். பணம் அனுப்பிய ரசீதுப் படம், கரையில் எடுத்த படகின் எண், உடைந்த கிளிப்பின் போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். ரொக்கமாகக் கொடுத்தால் துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்குங்கள்.

வேனுக்கும் இரண்டு வார்த்தை. வாடகைக்கு எடுப்பதென்றால் மஞ்சள் போர்டு வண்டியை எடுங்கள். தெரிந்தவர் வண்டி, நூறு இருநூறு குறைவு என்று வெள்ளை போர்டில் வாடகைக்குப் போய் விபத்தானால், காப்பீட்டில் காசு வாங்கப் படாதபாடு பட வேண்டியிருக்கும். மழை இரவில் தூக்கம் இல்லாத டிரைவர் கடலைவிட மோசம்.

எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். கெட்டது நடந்துவிட்டால், போலீசில் வழக்குப் பதிவு இல்லாமலும் பிரேதப் பரிசோதனை இல்லாமலும் உடலை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். "அறுக்க வேண்டாம், அப்படியே கொண்டுபோவோம்" என்பதுதான் எங்கள் பக்கத்தில் முதலில் எழும் குரல். அந்த வலி புரிகிறது. ஆனால் அந்த இரண்டு காகிதம் இல்லாமல் பின்னால் எந்தக் கதவும் எளிதில் திறக்காது. உதாரணத்துக்கு, வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கிற பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. தங்கள் கணக்கில் அந்த 20 ரூபாய் போவதே பலருக்குத் தெரியாது, பாஸ்புக்கைப் பாருங்கள். படகு நடத்தியவரின் கவனக்குறைவு என்றால் நுகர்வோர் ஆணையத்திலும் சிவில் நீதிமன்றத்திலும் குடும்பம் இழப்பீடு கேட்கலாம், கட்டணம் வாங்கி நடத்திய அரசு அமைப்பானாலும் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-க்குப் பேசினால் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழி காட்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்றாலும் அங்கே இலவசம்.

அன்றைக்கு நாங்கள் தங்கச்சிமடத்தில் ஒரு கடையில் மீன் சாப்பாடு சாப்பிட்டோம். ஓடு ஒழுகி, இலையில் சொட்டியது. திருப்பூர்க்காரன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நீ சொன்னதுதான்டா சரி" என்றேன். வீடு திரும்பியதும், எந்தப் படகு பேசினோம், எந்தப் படகைக் காட்டினார், ஜாக்கெட் எப்படி இருந்தது என்று எழுதி, போட்டோவும் சேர்த்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு ஏஜென்டுக்கு அனுப்பினோம். முதலில் பதில் இல்லை. பிறகு, வானிலைக்கு நான் என்ன செய்வேன் என்றார். 1915-இல் பதிவு செய்த எண்ணை அனுப்பினோம். பதினோராம் நாள் ராத்திரி 3,000 ரூபாய் கணக்கில் ஏறியது. குரூப்பில் அந்தப் படத்தைப் போட்டேன். துபாய்க்காரன் கேட்டான்: "அப்ப அடுத்த லீவுக்கு மாசி மாசமா டிக்கெட் போடவா?"